விரிப்பின் அந்த முனை

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் டாக்டர் அறிவுச்செல்வன் அவர்களே! நிர்வாக அலுவலர் இராமலிங்கம் ஐயா அவர்களே! கீழ்பென்னாத்தூரிலிருந்து வண்டி பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, உறவினர்களே! டூட்டி முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, சகோதரர்களே! வார்டு உதவியாளர்களே, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களே! கடைசி வரிசையில், வாசல் பக்கமாக, எந்த நேரத்திலும் எழுந்து போய்விடலாம் என்பது போல உட்கார்ந்திருக்கும் கீர்த்தனா! உனக்கும் என் வணக்கம். முறைப்படி பார்த்தால் ரேணுகாம்பாள் அம்மையாரின் ஒரே மகளான உனக்குத்தான் முதல் வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். மேடைப் பழக்கம் உன்னைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது. இதிலும் தப்புதான் செய்கிறோம், பார்.

என் பெயர் சந்திரம்மாள். பழைய பிளாக்கில் ஆண்கள் வார்டு சிஸ்டர். எனக்கு வாய் நீளம் என்பது மருத்துவமனைக்கு வந்துபோன எல்லோருக்கும் தெரியும். சலைன் பாட்டில் தொங்கும் கையோடு பீடி பிடிக்கப் போனவர்களை கேட் வரைக்கும் துரத்திப் போய்த் திட்டியவள் நான். இன்று இந்த மைக்கைப் பிடித்திருப்பது எங்களையே திட்டிக்கொள்ள.

இந்த மண்டபத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு வழி விட்டிருக்கிறோம். அந்த வழிக்கு இந்தப் பக்கம் முழுக்கப் பழைய பிளாக் செவிலியர்கள். அந்தப் பக்கம் முழுக்கப் புது பிளாக் செவிலியர்கள். யாராவது சொல்லி உட்கார வைத்தோமா? இல்லை. வந்தோம், பிரிந்தோம், உட்கார்ந்தோம். இரங்கல் கூட்டத்திலும் அப்படித்தான் உட்காருகிறோம் என்றால் எங்களை என்னவென்று சொல்வது!

இதோ, இந்த மேசையைப் பாருங்கள். குத்துவிளக்கு எரிகிறது. ரோஜா மாலை இருக்கிறது. ஊதுவத்தி புகைகிறது. படம் எங்கே? யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அவருடைய படம் எங்கே? வந்ததிலிருந்து எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

அதற்கு முன்னால், செவிலியர் கண்காணிப்பாளர் ரேணுகாம்பாள் அம்மையார் யார் என்று இரண்டு வார்த்தை. ஊர்க்காரர்களுக்கு அவரை மகளாகத் தெரியும், மருமகளாகத் தெரியும். வேலையில் அவர் எப்படிப்பட்டவர் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் மருத்துவமனையில் முதலில் இருந்தது ஒரே கட்டடம். நாங்கள் எல்லோரும் டிப்ளமோ படித்தவர்கள். அப்புறம் பின்பக்கம் நான்கு மாடியில் புது பிளாக் எழும்பியது. அதற்கு டிகிரி படித்த பிள்ளைகளை எடுத்தார்கள். அவர்கள் வந்த அன்றைக்கே நாங்கள் பெயர் வைத்துவிட்டோம், 'டிகிரி பாப்பாங்க' என்று. அவர்கள் சும்மா இருப்பார்களா? எங்களுக்கு 'ஊசி ஆயாங்க' என்று பெயர் வைத்தார்கள். சிரிக்காதீர்கள், இன்னும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். அவர்களுக்குத் தனி டீ ஃபிளாஸ்க், எங்களுக்குத் தனி டீ ஃபிளாஸ்க். ஒரு பிளாக்கில் பஞ்சு தீர்ந்தால் அடுத்த பிளாக்கில் கேட்பது மானக்கேடு. நோயாளியை அங்கிருந்து இங்கே மாற்றினால், அவருக்கு என்ன மருந்து போயிருக்கிறது, என்ன பாக்கி என்று போனில் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம்.

இந்த லட்சணத்தில்தான் ரேணுகாம்பாள் அம்மையார் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அவரும் டிப்ளமோதான். 'நம்ம ஆளு வந்துட்டாங்க, இனிமே அவங்க ஆட்டம் அடங்கும்' என்று நாங்கள் குதித்தோம். அவர் யாருடைய ஆளாகவும் வரவில்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துபோனது.

அப்போது என் வார்டுக்குப் புது பிளாக்கிலிருந்து குடலிறக்க ஆபரேஷன் முடிந்த ஒருவரை அனுப்பினார்கள். வந்து சேரும்போது சலைன் பாட்டில் காலி. டியூபில் ரத்தம் ஏறி நிற்கிறது. எனக்கு வந்ததே கோபம்! போனை எடுத்து அந்த பிளாக்கின் பொறுப்பு சிஸ்டர் மணிமொழியை ஒரு பிடி பிடித்தேன். அவளும் விடவில்லை. "நாங்க அனுப்பும்போது பாதி பாட்டில் இருந்திச்சிக்கா. லிஃப்ட்டுல உங்க ஆளுதானே தள்ளிக்கினு போனாரு?" என்றாள். வார்த்தை தடித்தது. இரண்டு பேரும் எகிறிக்கொண்டு அம்மையாரின் அறைக்குப் போனோம்.

அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. தானும் உட்காரவில்லை. "வாங்க, நடந்துக்கினே பேசலாம்" என்று என் வார்டுக்கே அழைத்து வந்தார். டிஸ்சார்ஜ் ஆகிப்போன ஒருவரின் கட்டில் காலியாகக் கிடந்தது. அலமாரியிலிருந்து சலவை விரிப்பு ஒன்றை எடுத்து எங்கள் நடுவில் போட்டார்.

"ஆளுக்கு ஒரு பக்கம் நில்லுங்க. பெட்டு போட்டுக்கினே சொல்லுங்க. சந்திரா, நீ மொதல்ல சொல்லு."

செவிலியர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டிலுக்கு விரிப்புப் போடுவது இரண்டு பேர் வேலை. இந்தப் பக்கம் ஒருத்தி இழுக்கும்போது அந்தப் பக்கம் ஒருத்தி விட்டுக்கொடுக்க வேண்டும். அப்புறம் அவள் இழுப்பாள், இவள் விடுவாள். சுருக்கம் இருந்தால் படுத்தே கிடக்கும் நோயாளிக்கு முதுகு புண்ணாகிவிடும். நான் கோபத்தில் ஒரே இழுப்பாக இழுத்தேன். முழு விரிப்பும் என் பக்கம் வந்துவிட்டது. மணிமொழி வெறுங்கையோடு நின்றாள். அம்மையார் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "மறுபடியும் போடுங்க" என்றார். போட்டோம். நான் சொன்னேன், அவள் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பேஷண்ட் இப்ப எப்படிக்கீறாரு?"

எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை! யார் மேல் தப்பு என்று சொல்வதற்கு இரண்டு பேரும் அந்த மனிதரை விட்டுவிட்டு வந்திருந்தோம்.

"போயி மொதல்ல அவரப் பாருங்க. அப்பறம் வந்து சண்ட போடுங்க. கோவம் எங்கயும் போவாது, இங்கயேதான் இருக்கும்" என்றார். நாங்கள் திரும்பிச் சண்டை போட வரவில்லை.

அன்று முதல் அதுவே வழக்கமானது. எவ்வளவு பெரிய புகாரானாலும் சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் ஒரு கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டேதான் சொல்ல வேண்டும். டாக்டர் ஐயா, நீங்கள் ஒருமுறை ரவுண்ட்ஸில் கேட்டீர்களே, 'ஏன் சிஸ்டர், இந்த வார்டுல மட்டும் பெட்டெல்லாம் இவ்வளவு சுத்தமா இருக்கு?' என்று. அந்த வார்டில் அவ்வளவு சண்டை ஐயா!

அதோடு நின்றாரா? பிளாக் மாற்றும்போது போனில் சொல்கிற பழக்கத்தை ஒழித்தார். அனுப்புகிறவளும் வாங்குகிறவளும் நோயாளியின் கட்டில் பக்கத்தில் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒருத்தி வாய் திறந்து சொல்ல வேண்டும், இன்னொருத்தி அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். நோயாளியும் கூட இருப்பவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சில நாட்களில் நோயாளியின் வீட்டம்மாவே, "யம்மா, அந்தச் செவப்பு மாத்திரய வுட்டுட்டியே" என்று எடுத்துக்கொடுப்பார்கள். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு காலி பாட்டிலோடு ஒருவரும் என் வார்டுக்கு வரவில்லை.

அவர் கோபமே படாதவர் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். படுவார். ஆண் செவிலியர் எழில் இதோ உட்கார்ந்திருக்கிறான். ஒருநாள் காலை டூட்டி மாறும் நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும் அவனைப் பிடித்துக் காய்ச்சிவிட்டார். ஊசி போட்ட ட்ரேயை அப்படியே விட்டுப் போனதற்கு. அந்த ட்ரே அவன் விட்டதே இல்லை என்று மத்தியானம் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் தனியாகக் கூப்பிட்டு, 'சாரிப்பா, மனசுல வச்சிக்காத' என்று முடித்திருப்பார்கள். அம்மையார் மறுநாள் காலை டூட்டி மாறும் நேரம் வரைக்கும் காத்திருந்தார். அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் நின்று, "எழிலு, நேத்து நான் திட்டுனது தப்பு. எல்லாரும் கேட்டீங்க இல்ல, இதயும் கேட்டுக்கோங்க" என்றார். எழில் அழுதுவிட்டான். இப்போதும் அழுகிறான். அழுடா, அழு.

தீபத் திருவிழாவை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியுமா? ஆண்டுதோறும் கார்த்திகை தீபத்துக்குக் கிரிவலப் பாதையில் எங்கள் மருத்துவமனை முதலுதவிப் பந்தல் போடும். அதைக் கேட்டு வாங்கி நடத்தியவர் அவர்தான். செருப்பில்லாமல் நடந்து பாதம் வெடித்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், கூட்டத்தில் தொலைந்துபோய்ப் பதறுகிறவர்கள், எல்லோரும் வருவார்கள். பந்தல் டூட்டிக்கு அவர் எப்போதும் ஜோடி சேர்ப்பார். பழைய பிளாக்கிலிருந்து ஒருத்தி, புது பிளாக்கிலிருந்து ஒருத்தி. ஒருத்தி கையில் பி.பி. பார்க்கும் கருவி கொடுப்பார். ஸ்டெதஸ்கோப்பை இன்னொருத்தியின் கழுத்தில் மாட்டுவார். இரண்டும் சேர்ந்தால்தான் ரத்த அழுத்தம் பார்க்க முடியும்! பட்டனை அமுக்கினால் தானே பார்த்துச் சொல்லும் மெஷின் அலமாரியில் இருக்கிறதே, அதைக் கொண்டு வரலாமே என்று கேட்டேன். "அது தனியா வேல செய்யும் சந்திரா. உங்களுக்கும் அந்தப் பழக்கம் வந்துடும்" என்றார்.

யாருக்கு யார் ஜோடி? எனக்கு மணிமொழி! ஒவ்வொரு வருஷமும் மணிமொழி! மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தலில் நிற்போம். அவள் கைப்பட்டையைக் கட்டிக் காற்றடிப்பாள், நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பேன். பத்துப் பேர், இருபது பேர் என்று பார்த்த பிறகு தூக்கிய மூஞ்சி தானாக இறங்கிவிடும். போன வருஷம் செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா தங்கச்சியாம்மா நீங்க?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ, இல்ல!" என்றோம். அம்மையார் பந்தலின் அந்தக் கோடியில் யாருக்கோ காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு நினைவிருக்கும் அவருடைய சிரிப்பு அதுதான்.

இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு நாங்கள் உருப்பட்டிருக்க வேண்டாமா?

இந்த வருஷம் அவருக்கு ஓய்வு வர இருந்தது. அடுத்த கண்காணிப்பாளர் யார்? சீனியாரிட்டி பார்த்தால் நான். படிப்பு பார்த்தால் மணிமொழி. யாரும் கேட்காத கேள்விக்கு இரண்டு பிளாக்கும் பதில் சொல்ல ஆரம்பித்தோம். சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பழையபடி ஃபிளாஸ்க்கைப் பிரித்தோம். கட்டிலுக்குத் தனியாகவே விரிப்புப் போடப் பழகினோம். அம்மையார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "சந்திரா, நான் போறதுக்குள்ள நீயும் மணியும் ஒரு தடவ சேந்து ஒரு பெட்டு போடுங்க, நான் பாக்கணும்" என்றார். "பாக்கலாம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் ஓய்வு பெறும் வரை காலம் காத்திருக்கவில்லை. காலை டூட்டிக்குப் புறப்பட்டு, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவருடைய ஊரான கீழ்பென்னாத்தூருக்கு நாங்கள் போன கதையைக் கேளுங்கள். ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தீர்கள், மற்றவர்கள் கேளுங்கள். ஒரே மருத்துவமனை, ஒரே சாவு, இரண்டு வேன்! வேனுக்கு ஒரு மலர்வளையம்! ஒன்றின் ரிப்பனில் 'பழைய பிளாக் செவிலியர்கள்', மற்றொன்றில் 'புதிய பிளாக் செவிலியர்கள்'. அவர் வீட்டுச் சந்தில் இரண்டு வேனும் ஆளுக்கொரு முனையிலிருந்து நுழைந்து எதிரெதிராக மாட்டிக்கொண்டன. நீ பின்னால் எடு, நீ எடு என்று அங்கேயே ஆரம்பம். இறங்கி ஓடினோம். எதற்கு? யார் வளையத்தை முதலில் வைப்பது என்பதற்கு! முதலில் வைக்கிறவள்தான் அவருடைய வாரிசு என்று எங்களுக்குள் ஒரு எண்ணம். ஐஸ் பெட்டி பக்கத்தில் நான் வளையத்தோடு நிற்கிறேன், எதிரில் மணிமொழி அவளுடைய வளையத்தோடு நிற்கிறாள். "சீனியருக்கு மரியாதை குடு" என்கிறேன். "மேடம் கிட்ட கடைசியா பேசுனது நான்" என்கிறாள். பின்னாலிருந்து ஆளாளுக்குக் குரல். ஒப்பாரி நின்றுவிட்டது. மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் மேளத்தை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். சாவு வீட்டில் மேளக்காரர்கள் வேடிக்கை பார்க்கிற அளவுக்கு நடந்துகொண்டோம்!

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. ஐஸ் பெட்டியின் தலைமாட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மையாரின் கணவர் ராமதாஸ் ஐயா உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோயாளி. மாத்திரை போட்டவர், எதுவும் சாப்பிடவில்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. எங்களுக்கு நான்கடி தூரத்தில் அவருக்கு முகம் வெளுத்தது, வியர்த்தது, தலை சாய்ந்தது, நாற்காலியிலிருந்து நழுவினார். இரண்டு வேன் நிறைய செவிலியர்கள் நிற்கிறோம். ஒருத்தியாவது பார்த்தோமா? ஒருவர் முகத்தை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த மனிதரின் முகம் தெரியவில்லை.

பார்த்தது கீர்த்தனா. ஓடி வந்து அப்பாவைத் தாங்கிக்கொண்டு, எங்கள் அத்தனை பேரையும் நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள்.

"இங்க யாராவது நர்ஸ் இருக்கீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எத்தனை வருஷ வேலை! எத்தனை பேருக்கு ஊசி, எத்தனை பேருக்குக் கட்டு! சீருடை போட்டு நிற்கிறவர்களைப் பார்த்து ஒரு பெண் அப்படிக் கேட்கிறாள்!

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வளையங்களைக் கீழே போட்டுவிட்டு ஓடினோம். நான் ஒரு பக்கம், மணிமொழி ஒரு பக்கம். நான் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து அவர் வாயருகே கொண்டு போகிறேன். மணிமொழி என் கையைத் தட்டிவிடுகிறாள். "நெனவு சரியா வரலக்கா. இப்ப ஊத்துனா மூச்சுக்கொழாய்க்குப் போயிடும்." அவள் சொன்னதுதான் சரி. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சொன்னவள் அவள் என்பதால், "நீ எனக்குச் சொல்றியா?" என்று ஆரம்பித்தேன். அந்த மனிதரின் தலைக்கு மேலேயே மறுபடியும் தொடங்கிவிட்டோம்! இடையில் புகுந்து எழில்தான் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் சர்க்கரையைத் தடவிவிட்டான். கொஞ்ச நேரத்தில் ராமதாஸ் ஐயா கண் திறந்தார். மனைவி போய்விட்டது அந்த நொடியில் அவருக்கு நினைவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தார். மகளிடம் சொன்னார்:

"ரேணுவக் கூப்புடும்மா. இவங்க மறுபடியும் சண்ட போடறாங்க பாரு. அவ வந்தா நிறுத்திடுவா."

ரேணுகாம்பாள் அம்மையார் பக்கத்தில்தான் இருந்தார், ஐஸ் பெட்டிக்குள்.

நான் வெளியே வந்து வேன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வளையமும் வாசலில் மிதிபட்டுக் கிடந்தன. எந்த வளையமும் அவர் மேல் ஏறவில்லை. ஊர்க்காரர்கள் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள், நாங்கள் பின்னால் நடந்தோம்.

இவ்வளவுக்குப் பிறகாவது திருந்தினோமா? கேளுங்கள்! புது பிளாக்கிலிருந்து ஒருவர் கீழ்பென்னாத்தூருக்குப் போய், 'நாங்க இரங்கல் கூட்டம் போடறோம், மேடம் போட்டோ ஒண்ணு குடுங்க' என்று கேட்டார். மறுநாள் நாங்கள் ஆள் அனுப்பி, 'நாங்க ஒரு கூட்டம் போடறோம், சிஸ்டர் போட்டோ ஒண்ணு குடுங்க' என்று கேட்டோம். கீர்த்தனா சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்.

"எங்களுக்கு ஒரே ஒரு அம்மாதான் இருந்தாங்க. ரெண்டு போட்டோ இல்ல."

கதவைச் சாத்திவிட்டாள். சாத்தினது சரி. இந்த மேசையில் படம் இல்லாததற்குக் காரணம் இதுதான். டாக்டர் ஐயா தலையிட்டு, கூட்டம் நடந்தால் ஒன்றுதான் நடக்கும் என்று சொன்னதால்தான் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். அவர் இன்னொன்றும் சொல்லிவிட்டார். இரண்டு பிளாக்கும் சேர்ந்து நிற்கிறோம் என்று நாங்கள் சொல்லாவிட்டால், இந்த வருஷம் தீபத்துக்குப் பந்தல் கிடையாது என்று. தீபத்துக்கு இன்னும் எத்தனை நாள்? கொடியேற்றத்துக்கு ஊர் தயாராகிவிட்டது. இதுவரை இரண்டு பிளாக்கிலிருந்தும் ஒரு பதிலும் போகவில்லை. அம்மையார் வாதாடி வாங்கிய பந்தல், அவர் போன முதல் வருஷமே எங்கள் வீம்பால் நின்றுபோகப் போகிறது. காலில் ரத்தம் வழிய நடந்து வருகிறவர்கள் அந்த இடத்தில் வந்து பார்ப்பார்கள், ஒன்றும் இருக்காது. அவர்களுக்கு என்ன பதில்? பழைய பிளாக், புது பிளாக் என்று விளக்கம் சொல்வோமா?

எனக்கு அவமானமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அவமானமாக இருக்கிறது. அவரை 'கருணை உள்ளமே', 'வெள்ளை உடை தரித்த தெய்வமே' என்றெல்லாம் பாராட்ட வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தேன். கீர்த்தனா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். அவரைப் புகழ எங்களுக்கு யோக்கியதை வரட்டும், அப்புறம் புகழ்கிறேன்.

கூட்டத்தின் முடிவில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். 'அன்னாரின் பணியைத் தொடர்வோம்' என்று கையை நீட்டிச் சொல்லிவிட்டு, வெளியே போய் அவரவர் ஃபிளாஸ்க்கில் டீ குடிப்போம். எனக்கு அந்த உறுதிமொழி வேண்டாம்.

டாக்டர் ஐயா, கண்காணிப்பாளர் நாற்காலி யாருக்கு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். மணிமொழிக்குக் கொடுத்தால் நான் அவளுக்குக் கீழே வேலை செய்வேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்வேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் செய்வேன். பழைய பிளாக் சகோதரிகளே, என்னை முறைக்காதீர்கள். எனக்காகச் சண்டை போட்டது போதும். தீபத்துக்குப் பந்தல் போடுங்கள் ஐயா, பழைய பிளாக் வருகிறது. ஸ்டெதஸ்கோப் மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறோம். பி.பி. கருவி ஒன்றுகூட எங்களிடம் இருக்காது. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வராவிட்டால் வெறுமனே அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பந்தலில் நிற்போம், ஊர் பார்த்துச் சிரிக்கட்டும்.

கீர்த்தனா, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைக்காதே. அதைக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. உன் கைப்பையில் அம்மாவின் படம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாசலில் உள்ளே வரும்போது அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்ததைப் பார்த்தேன். அதை இன்று கொடுத்துவிடாதேம்மா. நாங்கள் அழுகிறோம் என்று இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதே. தீபத்தன்று பந்தலுக்கு வா. தூரத்தில் நின்று பார். அவர்கள் பட்டையைக் கட்டி நாங்கள் ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால், ஒரு சண்டைகூட இல்லாமல் அந்த நாள் முடிந்தால், அப்போது கொண்டு வந்து பந்தலில் மாட்டு. இல்லாவிட்டால் அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடு. அப்பாவைக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடச் சொல்.

கடைசியாக ஒன்று. இந்த மேசை மேல் விரித்திருக்கும் வெள்ளைத் துணி வார்டு விரிப்புதான், சலவையிலிருந்து வந்தது. ஒரு பக்கம் தரையைத் தொடுகிறது, மறுபக்கம் பாதி மேசை தெரிகிறது, நடுவில் அத்தனை சுருக்கம். ஏன் தெரியுமா? மத்தியானம் இதை விரித்தவள் நான். தனியாக விரித்தேன். மணிமொழி அங்கேதான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். நானும் கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை. இவ்வளவு நேரமும் உங்கள் எல்லோர் கண்ணும் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. அம்மையார் இருந்திருந்தால் இந்நேரம் இதை உருவிப் போட்டிருப்பார்.

விளக்கையும் மாலையையும் கொஞ்சம் நகர்த்துங்கள் இராமலிங்கம் ஐயா. பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிஷ வேலைதான். இந்த முனையை நான் பிடித்துக்கொண்டேன். இழுக்க மாட்டேன்.

மணிமொழி, மேடைக்கு வாம்மா. அந்த முனையைப் பிடி.